கல்லறை இல்லாதவர்களுக்கான சிலுவை

செப்டெம்பர் 3, சனி

என் பெயர் வஸ்தியாம்பிள்ளை.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு எழுபத்தாறு வயது ஆகிவிட்டது. எழுதி முடித்ததும் கொப்பியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. 'ஸ்' மட்டும் பாய்மரம் மாதிரிச் சரிந்துவிட்டது. பரவாயில்லை.

எனக்கு எழுத்துச் சொல்லித் தரும் சுகந்தி ரீச்சர் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எழுதுங்கோ ஐயா. பெரிய விசயம் தேவையில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்களெண்டு எழுதினாலும் காணும்."

மத்தியானம் சோறும் பருப்பும் சூடைக் கருவாட்டுக் குழம்பும். என் மனைவி பிரகாசி சமைத்தது. உப்புக் கூடிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். அவள் இந்தக் கொப்பியைத் திறக்கமாட்டாள். அவளுக்குச் செபப் புத்தகம் போதும்.

செப்டெம்பர் 8, வியாழன்

இன்று மாதாவின் பிறந்தநாள். குரோஷியர்களுக்கு இது பெரிய திருநாள்.

மெல்பேணின் மேற்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் இடத்தில் தமிழருக்கென்று மாதா கோயில் கிடையாது. குரோஷியர்களின் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குத் தமிழ்ப் பூசை வைக்க விடுகிறார்கள். பக்கத்திலேயே அவர்களுடைய கிளப். அதன் மேலறையில்தான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. வாடகை வாங்குவதில்லை. சுற்றியுள்ள வளவை மட்டும் தமிழ் ஆட்கள் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். தமிழ் ஆட்கள் என்றால் நான்தான். மற்றவர்களுக்கு வேலை. மகளிடம் வந்து சேர்ந்த காலம் முதல் வியாழன்தோறும் நான் போய்க் கூட்டுகிறேன்.

கிளப்பின் தலைவர் விங்கோ. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அவரும் கடற்கரை ஆள், ஒரு தீவிலிருந்து வந்தவர். என்னை 'பார்பா' என்று கூப்பிடுவார். அவர்கள் ஊரில் வயதான கடலோடியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நாங்கள் இருவரும் கதைப்பது அரை ஆங்கிலம், அரை கை.

"பார்பா, அந்த மூலையை இன்னும் எத்தனை தரம் கூட்டுவாய்? அங்கே உனக்குக் காதலியா இருக்கிறாள்?" என்றார்.

"உங்கட ஆக்கள் குடிச்சுப்போட்டு எறியிற சிகரெட் அடிதான் இருக்கு" என்றேன்.

முன்பெல்லாம் இந்தத் திருநாளுக்கு வளவு முழுக்க ஆட்டுக்குட்டிகள் கம்பியில் குத்தி நெருப்பில் சுழலுமாம். இந்த முறை ஒரே ஒரு ஆடு. அதையும் சாப்பிட்டு முடிக்க ஆளில்லை. கிளப்பைக் கட்டியவர்களின் பெரிய படம் சுவரில் இருக்கிறது. எல்லோரும் இளைஞர்கள், கையில் மண்வெட்டி. விங்கோ ஒவ்வொரு முகமாக விரலை வைத்து, "இவன் இல்லை, இவனும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்து தன்னுடைய முகத்தில் நிறுத்தினார். "இவன் பாதி" என்றார்.

மிச்ச இறைச்சியைக் கடதாசியில் சுற்றித் தந்தார். பிரகாசி அதற்குத் தூள் போட்டுப் பிரட்டினாள். நல்ல ருசி.

செப்டெம்பர் 17, சனி

அமலனுக்கு இன்று பிறந்தநாள். அமலதாசன். எங்கள் மகன். ரீச்சரிடம் எழுத்துப் படிக்கப் போன முதல் நாள் 'அ' எழுதும்போது அவன் பெயரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பிரகாசி அவனுக்கு ஒரு சேர்ட் வாங்குவாள். மகள் மெற்றில்டா எங்களைக் கடைக்குக் கூட்டிப் போனாள். பிரகாசி நீலத்தில் கோடு போட்ட ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"இது காணாது. இதைவிடப் பெரிசு எடு."

"அம்மா, அண்ணா மெல்லிய ஆள்."

"அப்ப மெல்லிய ஆள்தான். இப்ப நாப்பது தாண்டீட்டான். உடம்பு வைச்சிருப்பான். உங்கட கொப்பருக்கு அந்த வயசில வயிறு எப்பிடி இருந்தது?"

"என்னை ஏன் இழுக்கிறாய்?" என்றேன்.

மெற்றில்டா சிரிக்கவில்லை. பெரிய அளவையே எடுத்துக் காசைக் கட்டினாள். வீட்டில் அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க இந்தச் சேர்ட்டுகள்தான். மேலே போகப் போக அளவு பெருத்துக்கொண்டு வருகிறது.

அமலனைப் பற்றி எழுத வேண்டும். இன்றைக்குக் கை வலிக்கிறது.

செப்டெம்பர் 18, ஞாயிறு

மழை. முழங்கால் வலி. 'ஞ' எழுதப் பழகினேன். இந்த எழுத்தைக் கண்டுபிடித்தவருக்கு நிறைய நேரம் இருந்திருக்கிறது.

ஒக்ரோபர் 6, வியாழன்

நெவென்கா எனக்குக் காப்பி தந்தாள். கிளப் குசினியில் சமையல் பார்க்கிறவள் அவள்தான், விதவை, எழுபது இருக்கும். அவர்களுடைய காப்பி கறுப்பு. அடியில் மண் மாதிரித் தூள் நிற்கும். பிரகாசிக்குப் பிடிக்காது. எனக்குப் பழகிவிட்டது.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவர்கள் நாட்டில் சண்டை வந்தபோது அவனைக் கொண்டுபோனார்கள். பிறகு தகவல் இல்லை. பல வருடம் கழித்து ஒரு சோளக் காட்டில் எலும்புகள் எடுத்தார்கள். இவளுடைய இரத்தத்தோடு ஒத்துப் பார்த்து, அவன்தான் என்று சொன்னார்கள். இதையெல்லாம் ஏற்கனவே எனக்குச் சொல்லியிருக்கிறாள். இன்று சொன்னது புதிது.

"எலும்பு கிடைக்க முன்னமே நான் அவனுக்கு விளக்கு வைத்துவிட்டேன். அம்மா உயிரோடு இருந்த காலம் விடவில்லை. 'என் பிள்ளைக்குச் செத்தவர் விளக்கு வைத்தால் உன் கையை முறிப்பேன்' என்பாள். அம்மா செத்த வருடம் வைத்தேன். அன்றைக்குத்தான் நித்திரை வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு."

"நித்திரை வந்ததா?" என்று கேட்டேன்.

"கல்லு மாதிரி" என்றாள்.

காப்பி முடிந்தது. கோப்பையை நானே கழுவி வைத்தேன். பிறகு கோயில் பின்பக்கத்து இலைகளைக் கூட்டினேன்.

ஒக்ரோபர் 15, சனி

ரீச்சர் என் கொப்பியைப் பார்த்து, "ஐயா, நீங்கள் நல்லா எழுதுறியள்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அவ்வளவு சந்தோசம்.

இரவில் நித்திரை இல்லை. அது புதிதல்ல.

ஒக்ரோபர் 29, சனி

கண்ணாடியில் எழுதினால் அழியாத பேனா இருக்கிறதா என்று ரீச்சரிடம் கேட்டேன். தன் பையிலிருந்து ஒரு கறுப்புப் பேனாவை எடுத்துத் தந்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

நவம்பர் 1, செவ்வாய்

இன்று மெல்பேணில் குதிரைப் பந்தய விடுமுறை. குரோஷியர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள். வெயில் நெருப்பு. ஈ மொய்க்கிறது.

கோயில் வளவில் ஒரு பெரிய கற்சிலுவை நிற்கிறது. அதன் அடியில் அவர்கள் சிவப்புக் கண்ணாடி விளக்குகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே மெழுகு, மேலே தகர மூடி. பின்னேரமாகும்போது சிலுவையின் அடி முழுவதும் சிவந்து கிடக்கும். பார்க்க வடிவு. பாட்டுப் பாட மாட்டார்கள். கொஞ்ச நேரம் நிற்பார்கள், சிலுவை அடையாளம் போடுவார்கள், போய்விடுவார்கள்.

எங்கள் ஊரான பேசாலையில் ஆட்கள் கடலுக்குப் போய் நேரத்துக்கு வரவில்லையென்றால் பெண்கள் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவார்கள். எனக்காகவும் பிரகாசி எத்தனையோ தரம் கொளுத்தியிருக்கிறாள். நான் ஒவ்வொரு தரமும் திரும்பி வந்திருக்கிறேன்.

நானும் ஒரு விளக்கு வாங்கினேன். சிவப்பு. கண்ணாடியில் பேனாவால் எழுதினேன்: அமலதாசன். ஒரு எழுத்தும் பிழையில்லை. கண்ணாடி உருண்டையாக இருந்தபடியால் கடைசி 'ன்' பின்பக்கம் போய்விட்டது. கொளுத்தி, மற்ற விளக்குகளுக்கு நடுவில் வைத்தேன். அவன் பெயர் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. நல்லாய்த் தெரிந்தது.

திரும்பி வரவேண்டுமென்றுதான் வைத்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி.

நவம்பர் 2, புதன்

எட்டு மணிவரை நித்திரை கொண்டேன். பிரகாசி வந்து மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம்.

நவம்பர் 3, வியாழன்

சிலுவையடியில் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். விங்கோ வந்தார்.

"பார்பா, இது என்ன எழுத்து? பூச்சி ஓடின மாதிரி இருக்கிறது."

"தமிழ். நான் எழுதினது."

"நீயா?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக அவருக்கு வாசித்துக் காட்டினேன். அ. ம. ல. தா. ச. ன். விளக்கைத் திருப்பிப் பின்பக்கத்து 'ன்'னையும் காட்டினேன். "என்ர மகன்" என்றேன்.

விங்கோ தொப்பியைக் கழற்றினார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கண் கலங்கியிருந்தது. என் எழுத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நெவென்காவும் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் ஒரு தரம் வாசித்துக் காட்டினேன்.

நவம்பர் 6, ஞாயிறு

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிரகாசிதான் திறந்தாள். நெவென்காவும் இன்னும் இரண்டு குரோஷியப் பெண்களும் நின்றார்கள். மூவரும் கறுப்புச் சட்டை. கையில் ஒரு பொட்டலம் காப்பித் தூள், ஒரு பொட்டலம் சீனி, ஒரு சின்னப் போத்தல் சாராயம். இத்தனை வருடத்தில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. பிரகாசிக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"இஞ்சருங்கோ, உங்கட கோயில் ஆக்கள் வந்திருக்கினம். அந்தக் கதிரையில கிடக்கிற துணிகளை எடுங்கோ. வாங்கோ, வாங்கோ, இருங்கோ."

அவர்கள் உடனே உட்காரவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து பிரகாசியின் கையைப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். பிரகாசி கூச்சத்தோடு சிரித்தாள். தேத்தண்ணி போட்டாள். கிறிஸ்மஸுக்கென்று ஒளித்து வைத்திருந்த பலகாரத்தை எடுத்து வைத்தாள். நான் சுவரோடு நின்றேன்.

நெவென்கா பிரகாசியின் கையை விடவில்லை. "உன் மகன்" என்றாள். அவ்வளவு ஆங்கிலம் பிரகாசிக்குத் தெரியும்.

"யெஸ், யெஸ். மை சன். அமலன்." எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து புதுச் சேர்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "பிக் போய்" என்றாள், கையால் வயிற்றைக் காட்டி.

நெவென்கா சேர்ட்டைப் பார்த்தாள். பிறகு அதில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். மற்ற இரண்டு பேரும் அழுதார்கள். பிரகாசி பயந்து போனாள். நெவென்காவின் முதுகைத் தடவிவிட்டாள்.

"என்ன நடந்தது இவவுக்கு? ஆரும் செத்துப் போட்டினமோ? கேளுங்கோவன். பாவம், அழாதயணை, அழாத."

செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களை அவள் இப்படித் தேற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் போய்விட்டது.

அப்போது மெற்றில்டா வேலையால் வந்தாள். முதியோர் இல்லத்து நீலச் சட்டையோடு வாசலில் நின்று எல்லோரையும் பார்த்தாள். நெவென்கா அவளிடம் விளக்கமாகச் சொன்னாள்: காலைப் பூசையில் பாதிரியார் அமலதாசனின் பெயரையும் இறந்தவர்களோடு வாசித்தார். கல்லறை தூரத்தில் இருப்பவர்களுக்கும், கல்லறையே இல்லாதவர்களுக்கும்தான் அந்தச் சிலுவையடியில் விளக்கு வைப்பது. பார்பா வைத்ததைக் கண்டோம். எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரித்தான். அதனால் வந்தோம்.

"என்ன சொல்லுறா?" என்றாள் பிரகாசி.

மெற்றில்டா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்குச் சொன்னாள்.

பிரகாசி நெவென்காவின் மடியிலிருந்த சேர்ட்டை மெதுவாக இழுத்து எடுத்தாள். கண்ணீர் பட்ட இடத்தைத் தன் சேலையால் ஒற்றினாள். மடித்தாள். கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு வந்து, அவர்கள் குடித்து முடிக்காத தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 7, திங்கள்

விடிந்ததும் பிரகாசி, "கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். பஸ்ஸில் போனோம். அவளுக்கு இருதயம் சரியில்லை. ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கையைக் கொடுத்தேன். பிடிக்கவில்லை.

சிலுவையடியில் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. எங்கள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேற்றுக் காலை ஆரோ புது மெழுகு வைத்திருக்கிறார்கள்.

"உங்கட வாளியில தண்ணி கொண்டு வாங்கோ."

கொண்டுவந்தேன். விளக்கை அதற்குள் அமுக்கினாள். சீறிக்கொண்டு அணைந்தது. கையோடு கொண்டுவந்திருந்த தேய்க்கும் நாரால் பெயரைத் தேய்த்தாள். அழியவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

"என்ன மையால எழுதினனீங்கள்?"

சொன்னேன்.

"அழியாத மைதான் தேவைப்பட்டதோ உங்களுக்கு?"

மெழுகு சுரண்டும் கத்தியால் சுரண்டினேன். நான்தான் சுரண்டினேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். 'அ' கடைசிவரை நின்றது.

"எனக்குத் தெரியாது பிரகாசி. நான் எங்கட ஊர் வழக்கத்தில..."

"எத்தினை வருசமா இந்த வளவைக் கூட்டுறியள்?" என்றாள். "இந்த விளக்கு ஆருக்கு வைக்கிறதெண்டு தெரியாதோ?"

தெரியாது என்று சொன்னேன். இங்கேயும் அப்படித்தான் எழுதுகிறேன்.

நவம்பர் 10, வியாழன்

கூட்டப் போகவில்லை.

நவம்பர் 12, சனி

பிரகாசி கதைப்பதில்லை. சாப்பாடு போட்டு வைக்கிறாள். தான் சாப்பிடுவதில்லை. காலில் வீக்கம். மெற்றில்டா சப்பாத்துக்குப் பதிலாகத் தன் பெரிய செருப்பைக் கொடுத்திருக்கிறாள்.

பள்ளிக்குப் போனேன். ரீச்சர் கடிதம் எழுதும் முறை சொல்லித் தந்தார். 'அன்புள்ள' என்ற சொல் எழுத நன்றாக இருக்கிறது.

நவம்பர் 20, ஞாயிறு

அமலனைப் பற்றி எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒதுங்கினோம். அமலன் இயக்கத்தில் கொஞ்ச நாள் இருந்தவன். பங்கர் வெட்டியதைத் தவிர அவன் வேறொன்றும் செய்யவில்லை. சண்டை முடிந்து சனத்தோடு ஆமியிடம் போனபோது ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று.

அமலன் போக விரும்பவில்லை. சனத்துக்குள் நின்றான். என் சறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், சின்னப் பிள்ளை மாதிரி. பிரகாசிதான் சொன்னாள், "பிறகு பிடிச்சா அடிப்பாங்கள் அப்பன். நீயாப் போனா மரியாதையா விடுவாங்கள். பாதிரியாரும் கூடப் போறார்தானே." ஒரு பையில் துவாயும் மாற்றுச் சேர்ட்டும் வைத்துக் கொடுத்தாள். பஸ்வரை கூட்டிப் போனாள். அவன் ஏறுவதற்குத் தயங்கியபோது முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். மெதுவாகத்தான் தள்ளினாள். நான் கண்டேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் அவனைக் காணவில்லை.

நான் இதைப் பற்றி அவளிடம் ஒரு நாளும் கதைத்ததில்லை. அவளும் கதைத்ததில்லை. அவன் இருக்கிறான் என்றால்தான், அவள் அன்றைக்குச் செய்தது சரி.

இதை எழுதிய பிறகுதான் எனக்கு விளங்குகிறது. எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் விளங்கியிருக்காது.

நவம்பர் 24, வியாழன்

கூட்டப் போனேன். நெவென்கா கண்டுவிட்டு ஓடி வந்தாள். நடந்ததை மெற்றில்டா அவளுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள்.

"நான் என் அம்மாவைப் பார்த்தேன் அன்றைக்கு. உன் மனைவியின் முகத்தில்" என்றாள். "பார்பா, ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?"

காப்பி தந்தாள். குடிக்கவில்லை.

டிசெம்பர் 1, வியாழன்

பிரகாசிக்கு மூச்சு இழுக்கிறது. அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நெஞ்சில் நீர் சேர்ந்திருக்கிறதாம். என்னை முன்னால் உட்கார விட்டார்கள். போகும் வழியில் கடைப் பலகை ஒன்றில் தமிழ் இருந்தது. 'மசாலா' என்று வாசித்தேன்.

டிசெம்பர் 4, ஞாயிறு

இன்று கதைத்தாள். மெற்றில்டா கன்ரீனுக்குப் போயிருந்தாள். மூக்கில் குழாய். அருகே கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம். ரெண்டு துண்டு பாண்."

"மெற்றிப் பெட்டை பாண் மட்டுந்தான் தரும். குளிர்ப் பெட்டிக்குள்ள மீன் பொரிச்சது இருக்கு."

பிறகு ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ. அந்த விளக்கு. தெரிஞ்சுதானே வைச்சனீங்கள்?"

"தெரியாது."

"நான் கோவிக்க மாட்டன். எனக்கு ஒருக்கா உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் அவனை விட்டிட்டியளோ?"

"இல்லை" என்றேன். "ஊர் வழக்கத்திலதான் வைச்சனான். வரவேணுமெண்டு."

என் முகத்தைப் பார்த்தாள். ஐம்பது வருடமாகப் பார்த்த முகம்தான்.

"சரி" என்றாள். என் சேர்ட்டில் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள். நேரம் எடுத்தது. நான் அசையாமல் இருந்தேன்.

டிசெம்பர் 9, வெள்ளி

பிரகாசி இன்று விடியற்காலை போய்விட்டாள்.

டிசெம்பர் 10, சனி

செய்ய வேண்டிய வேலைகள் நிறைய. அதனால் நல்லது.

குரோஷியர்களின் பாதிரியார் தொலைபேசியில் மெற்றில்டாவிடம் சொன்னார், கோயிலை எந்த நாளும் எந்த நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்று. நெவென்கா வீட்டுக்குள் வரவில்லை. பயந்திருப்பாள். கேற்றடியில் ஒரு சட்டி சூப்பை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பின்னேரம் மெற்றில்டா மரண அறிவித்தலை எழுதினாள். இணையத்தில் போட்டால்தான் கனடா, பிரான்ஸ், இந்தியா என்று சிதறிக் கிடக்கும் எங்கள் சனத்துக்குத் தெரியவரும். பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, கடதாசியில் அடித்து என்னிடம் தந்தாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் ஒரு கடதாசியைத் தந்து, பார்த்துச் சொல்லுங்கோ என்றார். நான் விரல் வைத்து வாசித்தேன்.

பேசாலையைப் பிறப்பிடமாகவும், அவுஸ்திரேலியா மெல்பேணை வதிவிடமாகவும் கொண்ட வஸ்தியாம்பிள்ளை பிரகாசி. அன்னார், வஸ்தியாம்பிள்ளையின் அன்பு மனைவியும்.

அதாவது என்னுடைய. சரி.

காலஞ்சென்ற அமலதாசன், மெற்றில்டா (அவுஸ்திரேலியா) ஆகியோரின் பாசமிகு தாயாரும்.

அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. திரும்ப வாசித்தேன்.

"மெற்றி, இதென்ன இது?"

"எது?"

"காலஞ்சென்ற."

அவள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாளாக நித்திரை கொள்ளாதவள்.

"அப்பா. அம்மாவும் போயிட்டா. இனி ஆருக்காக நடிக்கிறது? எத்தினை வருசம்? நான் இஞ்ச வந்ததில இருந்து ஒரு கலியாண வீட்டில, ஒரு பிறந்தநாளில அண்ணாவைப் பற்றி ஒழுங்காக் கதைச்சிருக்கிறனா? அழுதிருக்கிறனா? அம்மா அழ விட்டவவா? அண்ணாவுக்கு ஒரு பூசை வைக்கேல்ல நாங்கள். ஒரு பூசை. அம்மாவோட சேர்த்து அவனையும் அனுப்பிவிடுவம் அப்பா."

அவள் சொன்னது முழுக்கச் சரி.

"நீங்களும்தானே விளக்கு வைச்சனீங்கள்" என்றாள்.

பேனாவை எடுத்தேன். 'காலஞ்சென்ற' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டேன். கோடு வளைந்துவிட்டது. இன்னொரு கோடு போட்டேன்.

"அம்மாவின்ர நோட்டீஸ் இது" என்றேன். "அவ பெத்த பிள்ளை உயிரோட இருக்கிற தாயாத்தான் போனவ. அப்பிடியே போகட்டும்."

மெற்றில்டா நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. களைப்பு.

"சரி அப்பா. அப்ப பேருக்குப் பக்கத்தில என்ன போடுறது?"

"ஏன், ஏதும் போட வேணுமோ?"

"எல்லாப் பிள்ளையளுக்கும் இருக்கிற நாடு போடுறது. எனக்குப் போட்டிருக்கு. அண்ணாவுக்குப் போடாட்டி எல்லாரும் கேப்பினம். செத்த ஆக்களுக்குத்தான் நாடு போடுறேல்ல."

கடதாசியை என் பக்கம் தள்ளினாள்.

அமலதாசன் என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டேன். ரீச்சர் அதை இன்னும் சொல்லித் தரவில்லை. மெற்றில்டாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்துப் போட்டேன். உள்ளே எழுதினேன்: இலங்கை.

டிசெம்பர் 14, புதன்

அடக்கம் முடிந்தது. பெட்டியை ஒரு பக்கம் எங்கள் ஆட்கள் மூன்று பேர், மறுபக்கம் விங்கோவும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் தூக்கினார்கள். விங்கோவுக்குத் தோள் நோவு, தூக்க ஏலாது. வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. பிறகு கிளப்பில் சாப்பாடு. எங்கள் சோறும் மரக்கறியும் ஒரு மேசையில், அவர்களுடைய பாணும் மீனும் இன்னொரு மேசையில். கிளப் இவ்வளவு நிறைந்து நான் பார்த்ததில்லை.

நெவென்கா தூரத்தில் நின்றாள். நானே போய் அவளைக் கூட்டிவந்து மேசையில் இருத்தினேன்.

டிசெம்பர் 16, வெள்ளி

அறிவித்தலைப் பார்த்துவிட்டு எல்லா நாட்டிலிருந்தும் தொலைபேசி எடுக்கிறார்கள். மெற்றில்டா வேலைக்குப் போய்விட்டாள். நான்தான் கதைக்கிறேன். எல்லோரும் பிரகாசியைப் பற்றி நல்லதாகச் சொல்கிறார்கள். அமலனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

மத்தியானம் ஊரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பெண் குரல்.

"அண்ணை, நான் வங்காலை செபமாலை. ஞாபகமிருக்கோ? முள்ளிவாய்க்கால்ல உங்களுக்குப் பக்கத்துத் தறப்பாள் கூடாரம். எங்கட மகன் கொலின் உங்கட அமலனோட ஒரே பஸ்ஸில ஏறினவன்."

ஞாபகம் இருந்தது. கொலின் மெல்லிய பெடியன். அமலனுக்கு அடுத்ததாக ஏறியவன்.

"அக்காவின்ர செய்தி பாத்தனான் அண்ணை. மனசு சரியில்லை." மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரல் மாறிவிட்டது. பதறிக்கொண்டு வந்தது. "அண்ணை, அதில அமலன் தம்பியின்ர பேர் போட்டு இலங்கை எண்டு கிடக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு திருப்பித் திருப்பி வாசிப்பிச்சனான். அப்ப தம்பி வந்திட்டானோ? எங்க இருக்கிறான் அண்ணை?"

கதிரையைத் தேடி உட்கார்ந்தேன்.

"உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன். இடத்தைச் சொன்னாக் காணும். நான் பஸ் பிடிச்சுப் போய் அவனிட்ட ஒரு கேள்விதான் கேப்பன். கொலினை அவங்கள் பிறகு எந்தப் பக்கம் கொண்டு போனவங்கள் எண்டு. அவ்வளவுதான்."

அவளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு சொல் போதும். மெற்றில்டா அடித்து வைத்திருந்த சொல். நான் கோடு போட்டது.

அந்தச் சொல் அவளுடைய பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

"அண்ணை? லைனில நிக்கிறியளோ?"

"நிக்கிறன்" என்றேன். "எனக்கு இடம் சரியாத் தெரியாது. விசாரிச்சுச் சொல்லுறன்."

"ஓமண்ணை. ஆறுதலாக் கேட்டுச் சொல்லுங்கோ, அவசரமில்லை" என்றாள். "நான் இஞ்சதான் இருப்பன்."